கதவு மறைவில் விழும் துண்டு

என் வாழ்க்கையை ஒன்றரைப் பக்கத்தில் அடக்கி அனுப்பியிருந்தார்கள். கணிதச் சங்கம் எனக்கு ஒரு விருது தரப்போகிறது. மேடையில் யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்கப்போகிற பாராட்டுரை அது. கடைசியில் சின்ன எழுத்தில், "பிழை ஏதும் இருப்பின் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பவும்" என்று ஒரு வரி. என்னிடம் போய் இப்படிக் கேட்கலாமா? முப்பத்தெட்டு வருடம் அடுத்தவர் கணக்கில் பிழை பார்த்தே காலம் தள்ளியவள் நான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வீடு தலைகீழாகக் கிடந்தது. சமையலறைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான் என் தம்பி. அவனுக்குத் தொழிலே அதுதான். அடுப்பு, பாத்திரம், அரிசி டப்பா எல்லாம் முன்னறைக்கு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவனுக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்து இரண்டே கால் வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் மூன்று வருடம் கொத்துக் கரண்டியைத் தொடாமல் கிடந்தவன். குனிந்து நிமிர்ந்து ஒரு முழுத் தரையைப் போடுவது இதுதான் முதல் தடவை. "வெளியாள் வீட்டுல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இங்க கை பழகிக்கறேன்கா. கெட்டாலும் உன் வீடுதானே," என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கல்லையே பெயர்த்தான்.

"என்னக்கா முணுமுணுக்கற? சத்தமா படி. ரேடியோ இல்லாத குறை தீரட்டும்," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

படித்தேன். "இளமையிலேயே பயன்பாட்டுக் கணிதத்தின்பால் தீராத ஆர்வம் கொண்டு..."

"பொய்," என்றான் உடனே. "வேற எதுலயும் சீட் கிடைக்கலன்னு அழுதே. நான்தான் பாத்தேனே."

உண்மைதான். தூய கணிதம் படிக்கத்தான் ஆசைப்பட்டேன். பயன்பாட்டுக் கணிதத்தில்தான் இடம் இருந்தது. அப்பா விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ பயன்படாத கணக்குன்னு தனியா ஒன்னு இருக்கா?" என்று கேட்டார். "இருக்குப்பா, அதைப் படிக்கறவங்களுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி," என்றேன். 'தீராத ஆர்வம்' என்பதை அடித்துவிட்டு 'ஆர்வம்' என்று மட்டும் விட்டேன். அதுவே தாராளம்.

அடுத்த வரி. "ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் துணிச் சேதத்தை நான்கு விழுக்காடு குறைத்தார்." என் முதல் வேலை. சட்டையின் கை, கழுத்து, முதுகு என்று அட்டையில் வெட்டிய வடிவங்களைத் துணியின் மேல் எப்படி அடுக்கினால் குறைவாக வீணாகும் என்பதுதான் கேள்வி. நான் அடுக்கிக் காட்டினேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். பின்வாசலுக்கு வாராவாரம் இரண்டு பெண்கள் வந்து வெட்டுத் துண்டுகளை அள்ளிக்கொண்டு போவார்கள், மெத்தை உறை தைக்க. என் நான்கு விழுக்காட்டுக்குப் பிறகு விழுந்த துண்டெல்லாம் விரல் அகலம்கூட இல்லை. அவர்களில் ஒருத்தி காவலாளியிடம், "யாரு அந்தக் கணக்கம்மா?" என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

"இத நீ சொன்னதே இல்லையே," என்றான் தம்பி.

"யாரும் கேக்கலையே."

அதற்கடுத்து பஸ் கம்பெனி. எந்த டிரைவர் எந்த வண்டியை எப்போது எடுப்பது என்கிற பட்டியல். மொத்தத்தில் அருமையான பட்டியல்தான். ஆனால் ஒரே ஒரு டிரைவருக்கு மட்டும், விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நடை, பிறகு ஒன்பது மணி நேரம் சும்மா, சாயங்காலம் இன்னொரு நடை என்று விழுந்துவிட்டது. அவர் என் அறைக்கே வந்து, "உங்க கணக்குல நான் எப்பம்மா தூங்கறது?" என்று கேட்டார். நாற்காலியில்கூட உட்காரவில்லை. அதையும் ஒரு நிபந்தனையாக எழுதிச் சேர்த்து மறுபடி போட்டேன். என் தொழிலில் பாதி இதுதான்: கணக்குப் போடுவது, திட்டு வாங்குவது, அந்தத் திட்டை ஒரு நிபந்தனையாக எழுதி மறுபடி கணக்குப் போடுவது. டிரைவர் நன்றாகத் திட்டினார். அதனால் தப்பித்தார்.

அதற்குப் பிறகு வந்த பாராவை நான் வாசிக்கவில்லை. தாண்டிவிட்டு, மாணவர்கள் எத்தனை பேர், கட்டுரைகள் எத்தனை என்கிற சப்பென்ற பகுதியை வாசித்து முடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றான். "நம்ம கிட்னி கதை எங்க? அதுக்குத்தானே விருதே?"

"இருக்கு. நீ வேலையப் பாரு."

தாண்டிய பாராவில் இருந்தது இதுதான்: "சிறுநீரகப் பரிமாற்றத் திட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக எவரும் கவனிக்காத ஒரு குறையை மார்ச் மாதம் கண்டறிந்து, உடனடியாகக் களைந்தார்." ஒரே வாக்கியம். அதில் இரண்டு பொய். அந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

சிறுநீரகப் பரிமாற்றம் என்பது சொல்வதற்கு எளிது. புருஷனுக்குச் சிறுநீரகம் பழுது. பெண்டாட்டி கொடுக்கத் தயார். ஆனால் ரத்தம் சேரவில்லை. இன்னோர் ஊரில் இன்னொரு ஜோடிக்கும் அதே கதி. இவள் கொடுப்பது அங்கே இருக்கும் நோயாளிக்குப் பொருந்துகிறது, அங்கே கொடுப்பவருடையது இவனுக்குப் பொருந்துகிறது என்றால் மாற்றிக்கொள்ளலாம். சில சமயம் மூன்று ஜோடிகள் சுற்றி வளைத்து மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒன்பது ஆஸ்பத்திரிகள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் அனுப்பும். எண்பது, தொண்ணூறு ஜோடிகள் இருக்கும். எப்படி மாற்றினால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று கண்டுபிடிக்கும் புரோகிராமை எழுதியது நான். பெயர் கிடையாது, எண்தான். ஆஸ்பத்திரி எண், பிறகு ஆள் எண். அவர்கள் யாரும் என்னைத் திட்டியதே இல்லை. என்னைத் தெரிந்தால்தானே திட்டுவார்கள்?

பிறகு என் தம்பிக்கே சிறுநீரகம் போயிற்று. எனக்குச் சர்க்கரை, அதனால் நான் கொடுக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி கொடுக்க வந்தாள், ரத்தம் சேரவில்லை. ஆக அவர்கள் இருவரும் என் பட்டியலுக்கே வந்து சேர்ந்தார்கள். ஒன்றாம் ஆஸ்பத்திரி, எண் நூற்று நான்கு. உறவினர் பட்டியலில் இருந்தால் குழுவிடம் சொல்ல வேண்டும் என்று விதி. சொன்னேன். குழுவின் தலைவர் ஒரு சிறுநீரக டாக்டர், நிதானமான பெண்மணி. "யார் ஓட்டினாலும் ஒரே விடைதானே மேடம் வரும்? நீங்களே ஓட்டுங்க," என்று சிரித்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்க அரை லிட்டர் தண்ணீர். அவன் மனைவி ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பாள். வெயில் காலத்தில் அவன் அந்தக் கோட்டைப் பார்க்கிற பார்வையை என்னால் பார்க்க முடியாது. எழுந்து வெளியே போய்விடுவேன். ஒரு தடவை முகம் கழுவும்போது திருட்டுத்தனமாக இரண்டு வாய் குடித்துவிட்டு, அன்று ராத்திரி மூச்சு விட முடியாமல் தவித்தான்.

அந்த மார்ச்சுக்கு முந்தைய நவம்பரில் ஒரு நாள், டயாலிசிஸ் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, பொழுதுபோக்காக அவனுக்கு என் வேலையை விளக்கினேன். செய்தித்தாளின் ஓரத்தில் ஜோடிகளைப் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்துக் காட்டினேன். கவனமாகப் பார்த்தான். பாடத்தில் எப்போதும் கடைசி. ஆனால் அளவு, மூலை, மட்டம் என்று வந்துவிட்டால் அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இப்படி மாத்தினாலும் பதினாலு பேர், அப்படி மாத்தினாலும் பதினாலு பேர்னு வந்தா?" என்று கேட்டான்.

"வரும். அடிக்கடி வரும்."

"அப்போ எத எடுப்ப?"

"எதுன்னாலும் ஒன்னுதான்டா. ரெண்டும் பதினாலுதானே."

"யாருக்குக்கா ஒன்னு?"

அவன் விடவில்லை. "நாங்க டைல்ஸ் போடறப்ப வாசல்லேர்ந்து ஆரம்பிப்போம். முழுக் கல்லா போட்டுட்டே போவோம். மிச்ச எடத்துக்கு வெட்டின துண்டு. எல்லாரும் வாசல்லேர்ந்தே ஆரம்பிக்கறதால, எந்த வீட்டுக்குப் போனாலும் துண்டு கதவு மறைவுலதான் கெடக்கும். யாரும் வேணும்னு பண்றதில்ல. ஆரம்பிக்கற எடம் அது. உன் மெஷின் எங்கேர்ந்து ஆரம்பிக்குது?"

"பட்டியல்ல முதல் வரியிலேர்ந்து," என்றேன்.

"முதல் வரியில யாரு?"

ஒன்றாம் ஆஸ்பத்திரி. ஒன்பது ஆஸ்பத்திரிகளின் பட்டியலையும் எண் வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டுவோம். சமமான விடைகள் பல இருந்தால், புரோகிராம் முதலில் தட்டுப்பட்டதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். முதலில் தட்டுப்படுவது மேல் வரிசைக்காரர்கள் இருக்கிற விடை. பன்னிரண்டு வருடமாக எனக்கு இது தோன்றவே இல்லை. கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றாமல் போகும். இரண்டு விடையும் பதினான்கு என்றால் அதற்கு மேல் அங்கே கேள்வி இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய சுற்றுகளை எல்லாம் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழு சுற்றில் இருபத்தொன்பதில் சமமான விடைகள் இருந்தன. ஒன்றாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பதினொரு முறை ஒரு விடையில் இருந்தும் இன்னொன்றில் இல்லாமலும் ஊசலாடியிருந்தார்கள். பதினொரு முறையும் ஜெயித்திருந்தார்கள். ஒன்பதாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பதினேழு முறை, ஜெயித்தது இரண்டு. கதவு மறைவு எது என்று தெரிந்துவிட்டது. இதெல்லாம் நவம்பர் கடைசி வாரம். மார்ச் இல்லை.

டிசம்பர் சுற்று இரண்டாவது வியாழக்கிழமை. அதற்கு முன் செவ்வாயன்று ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். வியாழக்கிழமை குழுவில் விஷயத்தைச் சொல்லிவிடுவது, சமமான விடைகள் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று முடிவு செய்து ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். ஒரு மணி நேர வேலை. செவ்வாயன்று ஓட்டினேன்.

பதினான்கு பேர். இரண்டு விடை. பதின்மூன்று பேர் இரண்டிலும் இருந்தார்கள். நான்காம் ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவர், ஒன்று–நூற்று நான்குடன் மாற்றிக்கொள்ளலாம். அல்லது ஒன்பது–அறுபத்து மூன்றுடன் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று–நூற்று நான்கு என் தம்பி. ஒன்பது–அறுபத்து மூன்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆண், வயது நாற்பத்தொன்று, ரத்த வகை, கொடையாளர் உறவு: அக்கா.

புரோகிராமை அப்படியே விட்டால் என் தம்பிக்குத்தான். குறிப்பைக் கொடுத்தால் சீட்டு, பாதிக்குப் பாதி.

நான் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எந்த எண்ணையும் திருத்த வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக அழுத்திய அதே பட்டனை இன்னொரு முறை அழுத்தினால் போதும். என் மனம் அந்த இரண்டு நாளும் வக்கீல் வேலை பார்த்தது. விதியைச் சுற்றுக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றுவது முறையா? தம்பி பட்டியலில் இருக்கும்போது நானே விதியை மாற்றினால் ஊர் என்ன பேசும்? இன்னும் நன்றாகச் சோதித்துவிட்டு மார்ச்சில் சொன்னால் குடி முழுகிப்போகுமா? எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். உதடு வெடித்திருந்தது. வாயில் ஒரு பனிக்கட்டியை அடக்கிக்கொண்டு, "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று என்னையே கிண்டல் செய்தான்.

வியாழக்கிழமை குறிப்பைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். பதினான்கு என்று வந்தது. இளம் டாக்டர்கள் கைதட்டினார்கள். தலைமை டாக்டர் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்று, என் கையைப் பிடித்து அழுத்தினார். ஜனவரியில் ஆபரேஷன். மார்ச்சில் அதே குறிப்பை, தேதியை மட்டும் மாற்றிக் குழுவிடம் கொடுத்தேன். "பன்னிரண்டு வருஷமா யாருக்கும் தோணலையே மேடம்!" என்று நெகிழ்ந்துபோனார் டாக்டர். அன்று முதல் சமம் வந்தால் ஒரு பையில் வெள்ளைப் பந்துகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். வேறு இடங்களிலும் அதைப் பின்பற்றினார்கள். விருது அதற்குத்தான்.

"தண்ணி இருக்காக்கா?" என்று கேட்டுக்கொண்டே தம்பி முன்னறைக்கு வந்தான். கையெல்லாம் கலவை. நான் தண்ணீர் எடுக்கத் திரும்புவதற்குள், மேசைமேல் கிடந்த தாளைச் சுண்டுவிரலால் தன் பக்கம் நகர்த்திவிட்டான்.

"இத ஏன் படிக்காம விட்ட? இதுல நான்ல வரணும். 'டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த ஒரு டைல்ஸ்காரர் கேட்ட கேள்வியால்'னு போடச் சொல்லு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு இன்னொரு முறை படித்தான். "மார்ச்னு போட்டிருக்கான். தப்பு. திருத்து."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

"மார்ச்ல நான் வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நான் கேட்டது கட்டில்ல படுத்துட்டு. நவம்பர்." விரல் தாளின் மேலேயே இருந்தது, அதில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை படிந்தது. "அக்கா, நீ அன்னைக்கே போய்ப் பாத்தேல்ல? உன்னைத் தெரியாதா எனக்கு? ஒரு சந்தேகம் வந்தா சோறு எறங்காதே உனக்கு."

"பாத்தேன்."

"நவம்பர்லயே தெரியும்."

"தெரியும்."

"நடுவுல டிசம்பர் இருக்கு."

"இருக்கு."

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே சொன்ன அதே வரிசையில். செவ்வாய், புதன், வியாழன். பைக்குள் இருந்த குறிப்பு. என் குரல் வகுப்பெடுக்கிற குரல் மாதிரியே இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றான்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினான். ரொம்ப நேரம் சுரண்டினான். "எனக்கே குடுன்னுதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கு இருந்த நெலமையில வேற என்ன சொல்லுவேன்? ஆனா கேட்டிருந்தா தப்புல பாதி என்னுதா இருந்திருக்கும். இப்போ உசுரு மட்டும் என்கிட்ட இருக்கு, தப்பு முழுசும் நீ வச்சிருக்க."

"அதுக்குத்தான்டா கேக்கல."

"நல்லாக் கணக்குப் போட்டிருக்க," என்றான். அவன் என்னிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"அந்த இன்னொருத்தர் என்ன ஆனாரு?"

இந்தக் கேள்விக்கு ஒன்றரை வருடமாக விடையை வைத்துக்கொண்டிருந்தேன். "மார்ச்ல அவருக்கு யாரும் பொருந்தல. ஜூன்ல பொருந்துச்சு. ரெண்டு விடை, சமம். பந்து போட்டாங்க. அவருக்கு விழல." நிறுத்தினேன். "செப்டம்பர் பட்டியல்ல அவர் நம்பர் இல்ல. ஏன் எடுத்தாங்கன்னு ஒரு கட்டத்துல குறியீடு போடுவாங்க. ரெண்டுன்னு போட்டிருந்துச்சு."

"ரெண்டுன்னா?"

"ஆபரேஷனைத் தாங்கற நெலமையில ஒடம்பு இல்ல. இனிமே செய்ய முடியாது. டயாலிசிஸ்தான், கடைசி வரைக்கும்."

"இப்போ?"

"அதுக்கப்புறம் பட்டியல் ஒன்னும் சொல்லாது."

"அவருக்கு யாரு குடுக்கறதா இருந்துச்சு?"

"அவங்க அக்கா."

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், சமையலறைக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு ரப்பர் சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பதித்த கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். அடியில் கலவை சரியாகப் பிடிக்காத கல் வேறு மாதிரி சத்தம் போடும். ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்து, சுரண்டிவிட்டு, மறுபடி வைத்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'மார்ச்' என்பதை அடித்து 'முந்தைய நவம்பர்' என்று எழுதினேன். 'உடனடியாக' என்பதை அடித்து 'நான்கு மாதம் கழித்து' என்று எழுதினேன். 'கண்டறிந்து' என்பதற்கு முன்னால், 'டைல்ஸ் பதிக்கும் தொழில் செய்யும் தன் தம்பி கேட்ட கேள்வியால்' என்று சேர்த்தேன். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, கணிதச் சங்கத்துக்கும் தலைமை டாக்டருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினேன். இடையில் ஒரு டிசம்பர் சுற்று நடந்தது. குறை தெரிந்தே நான் அதை ஓட்டினேன். அதில் ஒன்பது–அறுபத்து மூன்றுக்குச் சம வாய்ப்பு இருந்தது. கிடைத்தது என் தம்பிக்கு. விருது குறித்து உங்கள் முடிவு எதுவானாலும் சரி. புரோகிராமை இனி வேறு யாராவது ஓட்டட்டும். ஒன்பதாம் ஆஸ்பத்திரியில் அந்த மனிதரும் அவருடைய அக்காவும் விரும்பினால் அவர்களுக்கும் இது தெரிய வேண்டும். அவர்கள் என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும்.

முடிக்கும்போது, "இதற்காக மனமார வருந்துகிறேன்" என்று தட்டினேன். கடிதம் என்றால் அப்படித்தானே முடிப்பார்கள்.

சமையலறை வாசல் வழியே அவன் முதுகு தெரிந்தது. முட்டி போட்டுக் குனிந்து, ரசமட்டத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மூன்று வருடம் அவனுக்கு வியர்வையே வந்ததில்லை. ஜனவரியில் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே, "மூத்திரம் போறான் அண்ணி, மூத்திரம் போறான்!" என்று அவன் மனைவி என் தோளைக் குலுக்கிக்கொண்டு அழுததும், அதைக் கேட்டு நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டதும் நினைவுக்கு வந்தன.

தட்டிய வரியைத் திரும்பப் படித்தேன். பிழை இருந்தால் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியை அழித்தேன். அதன் இடத்தில், "ஒன்பது–அறுபத்து மூன்றை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால் செய்ததற்கு வருந்த முயன்று பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் அந்தப் பட்டன் என் கையில் இருக்கக் கூடாது என்கிறேன்" என்று எழுதி அனுப்பினேன்.

"அனுப்பிட்டேன்டா," என்றேன் வாசலில் நின்று.

அவன் திரும்பவில்லை. "எல்லாத்தையும் எழுதினியா?"

"எழுதினேன்."

"வீட்டுல என் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ எதுவும் சொல்லாத." கடைசி வரிசைக்கு வந்திருந்தான். கதவு மறைவுக்குப் போகவேண்டிய துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துண்டை வைத்து, நான்கு தட்டுத் தட்டினான்.

பிறகு, என் முகத்தைப் பார்க்காமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டினான். "தண்ணி கேட்டேன்ல?"

பெரிய ஜக்கை நிறைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்தான். தொண்டை ஏறி இறங்க, வாயோரம் வழிந்து சட்டையில் சிந்த, நிறுத்தாமல் குடித்தான். முழு ஜக்கும் காலியாகும்வரை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.